சிற்றினத்துக்கும் கீழே

ஜனவரி 8, புதன்

விடுப்பு முடிந்து இன்றுதான் கல்லூரிக்குப் போனேன். நாகமலை புதுக்கோட்டை பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. அதையே பெரிய அதிர்ஷ்டமாக நினைத்துக்கொள்கிற நிலைக்கு வந்திருக்கிறேன்.

விலங்கியல் துறையில் எல்லோரும் என்னிடம் மெதுவாகப் பேசினார்கள், காய்ச்சல்காரியிடம் பேசுகிற மாதிரி. "உடம்பு பரவாயில்லையா சாதிகா?" என்று கேட்டார்களே தவிர, குழந்தை என்ற சொல்லை ஒருவரும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் எரிந்து விழுந்திருப்பேன். எடுக்காததற்கும் கோபம்தான் வந்தது. என்னதான் வேண்டும் எனக்கு?

துறைத்தலைவர் சீதாராமன் சார் என் வகுப்புகளில் பாதியைக் குறைத்துவிட்டார். "முதல் வருஷத்துக்கு உயிரியல் அடிப்படை மட்டும் எடும்மா. மத்த நேரம் மியூசியத்தப் பாத்துக்க. அடுத்த மாசம் காலேஜப் பாக்க ஆய்வுக் குழு வருது, லேபிளெல்லாம் உதிர்ந்து கெடக்கு. உக்காந்து எழுதுற வேலதான், அலைச்சல் இல்ல." நல்ல மனதோடுதான் சொன்னார். மூன்றாவது அலமாரியில் என்ன இருக்கிறது என்பது அவர் ஞாபகத்தில் இல்லை. கதவைத் திறக்கும் வரை என் ஞாபகத்திலும் இல்லை.

ஜனவரி 9, வியாழன்

நேற்று எழுத வராததை இன்று எழுதிவிடுகிறேன்.

பாலூட்டிகள் அலமாரி. முயல், வௌவால், அதற்கு அடுத்து அவன். கண்ணாடி ஜாடி, மூடியைச் சுற்றி மெழுகு. உள்ளே ஃபார்மலின் வெளிறிய டீ நிறத்துக்கு வந்துவிட்டது. முழங்காலை மடக்கி, ஒரு கையைக் கன்னத்தில் வைத்திருக்கிறான். ஆண் குழந்தை. ஐந்து மாதக் கரு இருக்கும்.

நான் இங்கே சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. இந்த ஜாடியைத் துடைத்திருக்கிறேன். வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு போய், "பாருங்க, விரல் தனித்தனியா பிரிஞ்சிருக்கு" என்று குச்சியால் தொட்டுக் காட்டியிருக்கிறேன். அப்போதெல்லாம் அது ஒரு ஸ்பெசிமன். நேற்று அது அவன் ஆகிவிட்டது.

ஆய்வக உதவியாளர் அழகுபாண்டி அண்ணனிடம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "நான் வேலைக்கு வர்றதுக்கு முந்தியே இருக்கு மேடம். ஏதோ ஆஸ்பத்திரியில குடுத்துவிட்டாகன்னு சொல்லுவாக."

ஏதோ ஆஸ்பத்திரி. பஸ்ஸில் வரும்போது அந்த இரண்டு சொல்லும் என்னை விடவே இல்லை.

அக்டோபரில் நானும் ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில்தான் இருந்தேன். பதினெட்டு வாரம் என்று டாக்டர் எழுதியிருந்தார். ரத்தம் நிற்கவில்லை, ஊசி போட்டார்கள், கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது. எங்கே என்று சாஜித்திடம் கேட்டேன். "முடிஞ்சிருச்சு சாதிகா. கேக்காத." வீட்டுக்கு வந்து திரும்பக் கேட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். என் புருஷன் விளக்குத்தூண் பக்கம் தையல் சாமான் கடை வைத்திருப்பவர். ஒரு பொத்தான் கேட்டு வந்தவரிடம் அரைமணி நேரம் பேசுவார். என்னிடம் இந்த ஒன்றைப் பற்றி மட்டும் வாயே திறக்க மாட்டார்.

இப்போது எனக்கு ஒரே ஒரு கேள்விதான். என் பிள்ளை எங்கே? யாருடைய மூன்றாவது அலமாரியில்?

ஜனவரி 10, வெள்ளி

முதல் பாடம்: உயிர் என்றால் என்ன.

வழக்கம்போலக் கரும்பலகையில் கோடு கிழித்து இரண்டு பத்தி போட்டேன். உயிருள்ளவை, உயிரற்றவை. வளரும், இனம் பெருக்கும், உண்டு செரிக்கும், தூண்டினால் அசையும். பிறகு விதிவிலக்குகள். உப்புக்கல்லும் வளரும், ஆனால் அதற்கு உயிரில்லை. கோவேறு கழுதைக்குக் குட்டி பிறக்காது, ஆனால் உயிர் இருக்கிறது. பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கும் பழைய சூடு கொஞ்சம் வந்தது.

ரம்யாஸ்ரீ என்று ஒரு பெண், முதல் பெஞ்ச், வாய் சும்மா இருக்காது. "மேம், செத்துப்போனது எந்தப் பத்தியில வரும்? கல்லும் செத்த எலியும் ஒண்ணா?"

"ஒன்றில்லை" என்றேன். கல் ஒருநாளும் உயிரோடு இருந்ததில்லை. எலி இருந்தது. அப்படியானால் மூன்றாவது பத்தி போட வேண்டுமே என்றாள். சாக்பீஸோடு நின்றேன். இத்தனை வருடம் நடத்தியும் இது எனக்குத் தோன்றவில்லை. மணி அடித்ததும் தப்பித்தேன்.

ஜனவரி 20, திங்கள்

பொங்கல் விடுமுறை முடிந்து மியூசியத்தைத் திறந்தால் ஒரு ஜாடியில் மட்டும் ஃபார்மலின் குறைந்திருந்தது. அவன் ஜாடியில். மெழுகில் விரிசல். உச்சந்தலை திரவத்துக்கு மேலே வந்து காய்ந்திருந்தது.

பதறிவிட்டேன். அறிவியல் படித்தவள் எதற்குப் பதற வேண்டும்? பதறினேன். புது ஃபார்மலின் கலக்கி, புனல் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். "இந்தா, இந்தா, ஆச்சு" என்று என் வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தால் அழகுபாண்டி அண்ணன் வாசலில்.  ஜன்னலைத் திறந்துவிட்டுப் போனார்.

வீட்டில் சோற்றைப் பிசையும்போது கையில் அந்த நெடி. சோப்பு போட்டுக் கழுவியும் போகவில்லை. "என்ன வாசன இது?" என்றார் சாஜித். மியூசியத்தில் ஒருத்தன் இருக்கிறான், அவனுக்கு ஊற்றினேன் என்று சொன்னேன். எப்படிப்பட்ட ஒருத்தன் என்றும் சொன்னேன். தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

வேண்டுமென்றேதான் சொன்னேன்.

ஜனவரி 22, புதன்

சாஜித் வீட்டிலிருந்த மஞ்சப்பைகளை எல்லாம் எங்கே போட்டார்? கல்யாண வீடுகளில் கொடுத்தது, கதவுக்குப் பின்னால் ஒரு கொத்தே தொங்கும். காய் வாங்கத் தேடினேன், ஒன்றுகூட இல்லை. மாமியிடம், சாஜித்தின் அம்மாவிடம் கேட்டால், "அவன்தான் அக்டோபர்லயே அள்ளிட்டுப் போயி யாருக்கோ குடுத்துட்டான். என்னமோ பிடிக்கலையாம்" என்கிறார். பைத்தியம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

ஜனவரி 24, வெள்ளி

லேபிள் எழுதும் வேலை. தடித்த அட்டை, கறுப்பு மை. வௌவாலுக்கு எழுதினேன், முயலுக்கு எழுதினேன். அவன் முறை வந்தது.

உலகம்: விலங்குகள். தொகுதி: முதுகுநாணிகள். வகுப்பு: பாலூட்டிகள். வரிசை: பிரைமேட்டுகள். குடும்பம்: ஹோமினிடே. பேரினம்: ஹோமோ. சிற்றினம்: சேப்பியன்ஸ்.

ஒவ்வொரு படியாக இறங்க இறங்க வட்டம் சுருங்கும். விலங்குகளில் எறும்பும் உண்டு, பாலூட்டிகளில் திமிங்கலமும் உண்டு, கடைசிப் படியில் மனிதர் மட்டும். வகுப்பில் இதை எத்தனை உற்சாகமாகச் சொல்லியிருக்கிறேன்! இன்று கடைசிப் படியில் பேனா நின்றுவிட்டது. அதற்குக் கீழே இன்னும் ஒரு படி இருக்க வேண்டும் போல இருந்தது. முயலுக்கு வேண்டாம். இவனுக்கு வேண்டும். சேப்பியன்ஸ் என்றால் நான், சாஜித், சீதாராமன் சார், பஸ் கண்டக்டர் எல்லோரும்தான். இதில் இவன் எவன்?

எங்களில் நாலு மாதம் தாண்டிக் கலைந்த பிள்ளைக்குப் பெயர் வைத்து, துணி சுற்றி அடக்கம் செய்வார்கள். நாலு மாதத்தில்தான் ரூஹு, அதாவது ஆன்மா, ஊதப்படுகிறது என்பது சின்ன வயதிலிருந்து கேட்டது. பெயர் எதற்கு? நாளைக்கு மறுமையில் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டுமே, அதற்கு. சிற்றினத்தின் பெயரைச் சொல்லியா கூப்பிடுவார்கள்?

லேபிளை ஒட்டவில்லை. மேசை டிராயருக்குள் போட்டுவிட்டேன்.

ஜனவரி 30, வியாழன்

சீதாராமன் சாரிடம் கேட்டேவிட்டேன். "சார், அந்தக் குழந்தைய அடக்கம் பண்ணிரலாமா?"

முதலில் அவருக்கு எந்தக் குழந்தை என்று புரியவில்லை. புரிந்ததும் கதவைப் பார்த்தார். "ஏம்மா, அது ஸ்டாக்குல ஏறியிருக்கு. வருஷா வருஷம் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுறோம். நான் மே மாசம் ரிட்டயர்டு. எல்லாத்தையும் கணக்கா ஒப்படைச்சுட்டுப் போகணும். ஒரு தவளை கொறஞ்சாலே ஆயிரம் கேள்வி கேப்பாங்க."

"அது தவளை இல்ல சார்."

"தெரியும்மா." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, அடக்கம் பண்றதுன்னே வச்சுக்க. எங்க பண்ணுவ? உங்க பக்கமா, எங்க பக்கமா? யாரு பெத்ததுன்னு தெரியுமா? எந்த மயானத்துலயும் மொதல்ல அதத்தான கேப்பாங்க?"

 ஏழு படி இறங்கி ஒரே சிற்றினம் என்று எழுதிவிட்டோம். குழி தோண்ட வேண்டும் என்றால் மறுபடியும் வகை பிரிக்க வேண்டியிருக்கிறது. அதில் மட்டும் எல்லோரும் கெட்டிக்காரர்கள்.

"உனக்கு இந்த வேலையக் குடுத்திருக்கக் கூடாது. தப்பு பண்ணிட்டேன்" என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார். அவர்மேல் கோபப்படக்கூட முடியவில்லை.

பிப்ரவரி 3, திங்கள்

பரிணாமம். மீன், கோழி, முயல், மனிதன் நான்கின் கருவையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்த படம் மாட்டினேன். ஆரம்ப வாரங்களில் நமக்கும் வால் உண்டு, தொண்டைப் பக்கம் மீனுக்குச் செவுளாக மாறும் அதே மடிப்புகள் உண்டு. பழைய படங்களில் ஒற்றுமையைக் கொஞ்சம் கூட்டி வரைந்துவிட்டார்கள் என்பதையும் சொன்னேன். ஆனாலும் சொந்தம் பொய்யில்லை. மீனும் நாமும் ஒரே பாட்டன் வழி, பிரிந்து வெகுகாலம் ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

ரம்யாஸ்ரீ கை தூக்கினாள். "மேம், இதுல எந்த வாரத்துல உயிர் வருது?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இருக்கிறது, எப்போதும் சொல்வதுதான். உயிர் எந்த வாரத்திலும் வருவதில்லை. அம்மாவின் முட்டைக்கும் உயிர் உண்டு, அப்பாவின் விந்துக்கும் உயிர் உண்டு. அவர்களுக்கு அவர்கள் அப்பா அம்மாவிடமிருந்து வந்தது. முதல் செல்லிலிருந்து இன்றுவரை நடுவில் எங்கேயும் அறுபடவில்லை. உயிர் தொடங்கியது ஒரே ஒரு தடவை. அப்புறமெல்லாம் கைமாற்றம்.

 எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

"அப்ப அது எந்த வாரத்துல ஆளா ஆகுது மேம்?"

தெரியாது என்று சொன்னேன். என் பாடத்தில் அது இல்லை என்றேன். குரல் உடைந்துவிட்டது. பிள்ளைகள் குனிந்துகொண்டார்கள். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

பிப்ரவரி 6, வியாழன்

நின்றிருந்தால் இந்நேரம் எட்டு மாதம். வெளிச்சம் பட்டால் முகத்தைத் திருப்பும். இந்த வாரம் இது வளரும், அடுத்த வாரம் அது வளரும் என்று மனசு பாட்டுக்குப் பாடம் நடத்துகிறது. எவன் சொன்னான் இதைப் படிக்கச் சொல்லி?

பிப்ரவரி 12, புதன்

குழு வந்தது. மூன்று பேர். அதில் ஒரு அம்மா கோயம்புத்தூர்க்காரர், கெட்டிக்காரி. அலமாரி அலமாரியாகப் பார்த்துக்கொண்டு வந்து அவன் முன்னால் நின்றார். லேபிள் இல்லை. திட்டு விழப்போகிறது என்று நினைத்தேன்.

"இது மனிதக் கரு. எங்கேருந்து வந்துச்சு? யாரு சம்மதம் குடுத்தது? பேப்பர் இருக்கா?" என்று கேட்டார். சீதாராமன் சார் என்னைப் பார்த்தார், நான் அழகுபாண்டி அண்ணனைப் பார்த்தேன். "பேப்பர் இல்லாம இத வச்சிருக்கக் கூடாது சார். எடுத்துருங்க. நான் குறிப்புல எழுதத்தான் செய்வேன்."

இத்தனை நாள் நான் கெஞ்சி நடக்காதது ஒரு நிமிஷத்தில் நடந்துவிட்டது. யா அல்லாஹ், எவ்வளவு சந்தோஷப்பட்டேன்! அது சாயங்காலம் வரைதான்.

குழு போனதும் சார் வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். அழகுபாண்டி அண்ணனிடம், "மருத்துவக் கழிவு எடுக்குற வண்டி நம்ம பக்கம் வெள்ளிக்கிழம வருமாம். மஞ்சப்பையில கட்டிக் குடுத்துருவோம். அவங்க பாத்துக்குவாங்க" என்றார். ஆஸ்பத்திரிகளில் உடம்பிலிருந்து வெட்டி எடுப்பதையெல்லாம் மஞ்சள் பிளாஸ்டிக் பையில்தான் கட்டுவார்கள், போய் எரித்துவிடுவார்கள்.

"நான் எடுத்துக்கிறேன்" என்றேன். எப்படி, எங்கே என்று தெரியாது. வாய் சொல்லிவிட்டது. "எனக்கு ஒரு வாரம் குடுங்க சார். பையில போட்டுராதீங்க."

பிப்ரவரி 13, வியாழன்

நேற்று வீட்டுக்கு வந்து சாஜித்திடம் நடந்ததைச் சொன்னேன். உதவி கேட்கத்தான் சொன்னேன், குத்துவதற்கு இல்லை. மஞ்சப்பை என்று சொன்னதும் அவர் முகம் போன போக்கு! சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். மாமி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

"நம்ம பிள்ளையவும் அதுலதான் கொண்டு போனாங்க" என்றார்.

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னார். அவர் சொன்ன மாதிரியே எழுதிவைக்கிறேன், பிறகு நானே மாற்றிக்கொள்ளாமல் இருக்க.

"நர்ஸ் வந்து பிள்ளையக் காட்டி, நீங்க எடுத்துட்டுப் போறீங்களா, நாங்க பாத்துக்கவான்னு கேட்டுச்சு. எனக்கு ஒண்ணும் ஓடல. பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்குப் போன் போட்டேன். நாலு மாசம் தாண்டிருச்சான்னு கேட்டாரு. தாண்டியிருந்தா பேர் வைக்கணும், குளிப்பாட்டணும், கஃபன் துணி சுத்தி அடக்கணும். தாண்டலைன்னா பேரு கட்டாயமில்ல, துணியில சுத்தி நல்ல மண்ணுல வச்சிருங்கன்னாரு. பதினெட்டு வாரம்னு டாக்டர் எழுதியிருந்தாங்கள்ல, கூட்டிப் பாத்தா நாலு மாசம் தாண்டுது. ஆனா எனக்குச் சந்தேகம். உன்கிட்ட வந்து கேட்டேன்."

"என்கிட்டயா?"

"நீ கண்ணு முழிச்சுத்தான் இருந்த. தெளிவாச் சொன்ன. டாக்டருங்க கடைசியா தலைக்குக் குளிச்ச கணக்குல இருந்து எண்ணுவாங்க, அப்பக் கருவே உண்டாகியிருக்காது, அதுல ரெண்டு வாரத்தக் கழிக்கணும், கழிச்சா நாலு மாசம் ஆகலன்னு சொன்ன. கிளாஸ்ல நடத்துற மாதிரியே சொன்ன சாதிகா."

எனக்கு ஞாபகம் இல்லை. ஒரு எழுத்துகூட ஞாபகம் இல்லை. ஆனால் அது என் பேச்சுதான். வேறு யாரும் அப்படிப் பேச மாட்டார்கள். கணக்கும் சரிதான், இப்போது போட்டுப் பார்த்தாலும் சரிதான்.

"பேரு கட்டாயமில்ல, மண்ணுல வச்சாப் போதும்னு நெனச்சேன். அதுக்குள்ள உனக்கு ரத்தம் வேணும்னு வெரட்டுனாங்க. ஓடினேன். திரும்பி வந்தா மஞ்சப்பையில கட்டி அனுப்பிட்டாங்க. நீங்க ஒண்ணும் சொல்லலையே சார்னு கேக்குறாங்க."

ஏன் இதை என்னிடம் சொல்லவில்லை என்று கத்தினேன். அடித்தேன் என்றுகூட நினைக்கிறேன்.

"நீ சொன்ன கணக்குன்னு தெரிஞ்சா நீ தாங்குவியா? என்னையவே திட்டிட்டுப் போன்னு விட்டுட்டேன்."

நாலு மாதமாக இந்த மனுஷனை எப்படியெல்லாம் பேசினேன். சோறு போடும்போதும் பேசினேன், போடாமலும் பேசினேன். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு பொத்தான் விற்கப் போய்க்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 14, வெள்ளி

கல்லூரிக்குப் போகவில்லை. எந்த அலமாரியிலும் இல்லை. எரித்துவிட்டார்கள். இதைத்தானே தெரிந்துகொள்ள வேண்டும் என்று துடித்தேன்?

பிப்ரவரி 17, திங்கள்

ரத்தம் போய்க்கொண்டிருக்கும்போது ஒருத்தி இரண்டு வாரத்தைக் கழிக்கிறாள். என்ன பொம்பளை இவள்! ஒருவேளை பிள்ளை இன்னும் பிள்ளை ஆகவில்லை என்று என்னை நானே தேற்றிக்கொள்ளத்தான் அப்படிச் சொன்னேனோ? இல்லை, கணக்கைக் கேட்டார்கள், தெரிந்ததைச் சொன்னேன், அவ்வளவுதானோ? இனி அவளைக் கேட்க முடியாது.

மாலையில் சாஜித் கடையை மூடிவிட்டு நேராகக் கல்லூரிக்கு வந்துவிட்டார். எனக்குத் தெரியாது. சீதாராமன் சார் அறையில் இரண்டு பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்க வீட்டுக்காரர் சொல்றதும் சரியாத்தான்மா இருக்கு" என்றார் சார். "குழுவே எடுக்கச் சொல்லி எழுதிட்டாங்க, ஸ்டாக்குல கழிக்கிறதுக்கு அதுவே போதும். பிரின்சிபால்ட்ட லெட்டர் வாங்கி, ஸ்டேஷன்லயும் மாநகராட்சியிலயும் நானே குடுத்துடுறேன். மயானத்துல யாரு பிள்ளைன்னு கேட்டா..."

"எங்க பிள்ளைன்னு சொல்லிக்கிறோம் சார்" என்றார் சாஜித்.

பிப்ரவரி 22, சனி

அடக்கம் முடிந்தது. இன்று எழுத முடியாது.

பிப்ரவரி 26, புதன்

மூன்றாவது அலமாரியில் முயலையும் வௌவாலையும் தள்ளி வைத்து இடைவெளியை மூடியிருக்கிறார் அழகுபாண்டி அண்ணன். நல்ல காரியம். நான் செய்திருக்க மாட்டேன்.

மார்ச் 2, ஞாயிறு

முதல் நோன்பு. வீடு அமைதியாக இருக்கிறது. அடக்கத்தன்று, அந்தச் சனிக்கிழமை நடந்ததை இப்போது எழுதிவிடலாம்.

காலையில் ஆய்வகத் தொட்டியில் வைத்து நான்தான் கழுவினேன். அந்த நெடி போகும் வரை தண்ணீரை ஓடவிட்டேன். அழகுபாண்டி அண்ணன் வெளியே நின்று யாரையும் விடாமல் பார்த்துக்கொண்டார். சாஜித் கடையிலிருந்து வெள்ளைத் துணி கொண்டுவந்திருந்தார், சின்னதாக வெட்டி. அவர் உள்ளே வரவில்லை, கதவிடுக்கில் கை நீட்டிக் கொடுத்தார். சுற்றி முடித்து அவர் கையில் கொடுத்தேன். நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

மாநகராட்சி மயானத்தில் ஒச்சம்மாள் என்று ஒரு அம்மா இருந்தார். குழி வெட்டுவது அவர்தான். சின்னப் பிள்ளைகளுக்கென்று சுவர் ஓரம் தனி இடம். சார் கடிதத்தை நீட்டினார். அந்த அம்மா அதை வாங்கவே இல்லை. எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். என் முக்காட்டைப் பார்த்தார், சார் நெற்றியில் நாமத்தைப் பார்த்தார்.

"என்ன ஆளுகன்னு கேக்கல, அது எனக்கெதுக்கு" என்றார். "ஆம்பளப் பிள்ளையா, பொம்பளப் பிள்ளையா? பேரென்ன? பேரில்லாம நான் மண்ணு தள்ளுறதில்ல. இம்புட்டுக்காண்டு பிள்ளையா இருந்தாலுந்தேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் சாஜித் சொன்னார்.

"பொம்பளப் பிள்ள. ஆயிஷா சித்திகா."

யோசிக்கவே இல்லை. தினமும் கூப்பிடுகிற பெயரைச் சொல்வது போலச் சொன்னார்.

சார் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தார். துணிக்குள் இருப்பது ஆண். அன்று காலைதான் என் கையால் கழுவியிருக்கிறேன். சாஜித்துக்கும் தெரியும், ஒரு மாதமாக அவன், அவன் என்று சொல்லி அவர் சோற்றைக் கெடுத்தவளே நான்தான். தெரிந்துதான் சொன்னார். அல்லது வாயில் அந்தப் பெயரைத் தவிர வேறு பெயர் இல்லை.

நான் திருத்தவில்லை. எந்த ஸ்பெசிமனுக்கும் தவறான பெயர் எழுதி நான் விட்டதே கிடையாது. குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பிடி மண் போட்டேன், "ஆயிஷா சித்திகா" என்று நானும் சொன்னேன். ஒச்சம்மாளும் சொல்லிக்கொண்டே மண் தள்ளினார். சார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சாஜித் துஆ ஓதினார்.

வரும் வழியில் வண்டியில் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டேன். "எப்ப வச்சீங்க அந்தப் பேர?"

"ரத்தம் வாங்கப் போனப்ப. படியில எறங்குறப்ப."

"வைக்க வேணாம்னுதான ஹஜ்ரத் சொன்னாரு?"

"கட்டாயமில்லன்னுதான் சொன்னாரு. கூடாதுன்னு சொல்லலையே."

 அதற்குப் பிறகு இந்த ஒரு வாரமும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசாமல் இருந்தது கோபத்தால் இல்லை.

இன்று நோன்பு திறந்துவிட்டுக் கஞ்சியோடு உட்கார்ந்திருந்தோம். மாமி தொழப் போயிருந்தார்.

"நம்ம பிள்ளைய நீங்க பாத்தீங்கள்ல" என்றேன். "எப்படி இருந்தா?"

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்காமல், மெதுவாக, நெற்றியிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். நான் நடுவில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.